இசை விழாவுக்குப் புறப்படும் முன்

சரவாக் மாநிலத்தின் தலைநகரான கூச்சிங்கிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், சந்துபோங் மலையடிவாரத்தில் சரவாக் கலாச்சாரக் கிராமம் அமைந்துள்ளது. 1998ஆம் ஆண்டில் தொடங்கிய மழைக்காடு உலக இசை விழாவின் களம் இந்தக் கிராமம்தான். ஆண்டின் நடுப்பகுதியில் மூன்று நாள்கள் நடைபெறும் இவ்விழாவிற்குப் பல நாடுகளிலிருந்து இசைக்கலைஞர்களும் இரசிகர்களும் வருகின்றனர். பகலில் இபான், பிடாயு, ஓராங் உலு முதலிய இனத்தவரின் மரபு வீடுகளில் இசைப் பட்டறைகள் நடக்கும். படகு போன்ற வடிவமுடைய சாப்பே என்னும் நரம்பிசைக் கருவியை அங்கே அருகிலிருந்து பார்த்தும் கேட்டும் மகிழலாம். இரவில் திறந்தவெளி மேடையில் இசை முழங்கும்.

ஐரோப்பிய நாடுகளில் இத்தகைய விழாக்கள் பெரும்பாலும் கோடைக்காலத்தில் நடைபெறுகின்றன. மலேசியாவில் கோடை எனத் தனியாக ஒரு பருவம் இல்லை. சுட்டெரிக்கும் வெயிலும் இடியுடன் கூடிய மழையும் ஒரே நாளில் வரக்கூடும். நண்பகல் முதல் நள்ளிரவு வரை வெளியில் இருப்பவருக்கு அந்த இரண்டையும் சமாளிக்கும் ஏற்பாடு தேவை. அதற்காக வீட்டிலுள்ள அனைத்தையும் பையில் திணிக்கவும் முடியாது. பத்து மணி நேரம் பாரமான பையைச் சுமந்தால் தோள்தான் வலிக்கும். எனவே, ஒவ்வொரு பொருளையும் எடுக்கும்போது, “இது இல்லாவிட்டால் என்ன நேரும்?” என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. தக்க விடை கிடைக்காத பொருளை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

முதலில் வெப்பத்தைக் கவனிப்போம். வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. இதுவே உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முறை. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் வியர்வை எளிதில் ஆவியாகாது. உடல் மேலும் மேலும் வியர்க்கும். ஆனால், போதிய அளவு குளிராது. நீரும் உப்பும் மட்டும் குறைந்துகொண்டே போகும். ஆகவே, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது சிறிது சிறிதாக நீர் அருந்த வேண்டும். மீண்டும் நிரப்பக்கூடிய நீர்ப்புட்டி, அகன்ற விளிம்புள்ள தொப்பி, வெளிர் நிறத்தில் தளர்வான பருத்தி ஆடை ஆகியவை இதற்கு உதவும். நீண்ட நேரம் வியர்த்தவர் வெறும் நீரோடு நிறுத்திக்கொள்ளாமல் உணவும் உண்ண வேண்டும். இழந்த உப்பை உணவு ஈடுசெய்யும்.

அடுத்தது மழை. கூட்டத்தில் குடை விரித்தால் பின்னால் நிற்பவருக்கு மேடை தெரியாது. குடைக்கம்பி கண்ணில் குத்தும் அபாயமும் உண்டு. மடித்து வைக்கக்கூடிய மழையங்கியே இங்குப் பொருத்தமானது. மழை பெய்தவுடன் புல்தரை சேறாகிவிடும். அப்போது சிலிப்பர் அணிந்தவர் வழுக்கி விழுவார். பிடிப்புள்ள, நன்கு பழகிய காலணியே பாதுகாப்பானது. புதுக் காலணியை விழா நாளன்று முதன்முறையாக அணிந்தால் சில மணி நேரத்தில் குதிகாலில் கொப்புளம் தோன்றும். ஒரு நெகிழிப் பையில் ஒரு சோடிக் காலுறையும் ஒரு சட்டையும் வைத்திருந்தால், நனைந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

மழையைவிட ஆபத்தானது மின்னல். மின்னலைக் கண்டதும் இடியோசை கேட்கும்வரை விநாடிகளை எண்ண வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடிகள் எடுக்கும். எனவே, 30 விநாடிகளுக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே உறுதியான கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். தனி மரத்தின் அடியிலோ கூடாரத்திலோ ஒதுங்கக் கூடாது. கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடங்கள் கழித்தே மீண்டும் திறந்தவெளிக்கு வரலாம்.

கொசுவையும் மறந்துவிட இயலாது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்கள் காலையிலும் அந்தி வேளையிலும் மிகுதியாகக் கடிக்கின்றன. விழா களைகட்டுவதும் அந்தி வேளையில்தான். நீண்ட கைச்சட்டையும் கொசுவிரட்டிக் களிம்பும் அப்போது கைகொடுக்கும். வெயிலுக்கான சன்ஸ்கிரீனும் பூசுவதாக இருந்தால் அதை முதலில் பூசி, சற்று உலர்ந்தபின் கொசுவிரட்டியைப் பூச வேண்டும்.

பலரது பையில் இடம்பெறாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் காதடைப்பான். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி, 80 டெசிபல் அளவுள்ள ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பாகக் கேட்கலாம். ஒலி 90 டெசிபலாக உயர்ந்தால் அந்த நேரம் நான்கு மணியாகச் சுருங்கிவிடும். பத்து டெசிபல் கூடும்போது ஒலியின் ஆற்றல் பத்து மடங்காவதே இதற்குக் காரணம். பெரிய ஒலிபெருக்கியின் அருகே ஒலி 100 டெசிபலை எட்டலாம். ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் உட்காதில் உள்ளன. மனிதருக்கு அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. விழா முடிந்து வீடு திரும்பியபின் காதில் கேட்கும் ரீங்காரம், காது அளவுக்கு மீறி உழைத்துவிட்டது என்பதற்கான எச்சரிக்கை. காதடைப்பான் இசையை முற்றாக மறைப்பதில்லை. அதன் வலிமையை மட்டும் குறைக்கிறது. ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி நிற்பதும், இடையிடையே அமைதியான இடத்தில் ஓய்வெடுப்பதும் செலவில்லாத பாதுகாப்பு.

ஆவணங்களுக்கும் பையில் இடம் வேண்டும். சரவாக்கிற்குத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. ஆதலால், தீபகற்பத்திலிருந்து செல்லும் மலேசியர் மைகார்டு அல்லது கடப்பிதழை உடன் கொண்டு செல்ல வேண்டும். விமானத்தில் செல்வோர் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்காக ஒப்படைக்கும் பையில் வைக்கக் கூடாது. விழாக் களத்தில் எவற்றிற்கு அனுமதி உண்டு என்பதையும் முன்னதாகவே படித்துத் தெரிந்துகொண்டால் நுழைவாயிலில் பொருளை இழக்க நேராது.

பெருங்கூட்டத்தில் அனைவரும் ஒரே நேரத்தில் கைப்பேசியைப் பயன்படுத்தும்போது தொடர்பு தாமதமாகலாம், துண்டிக்கவும் படலாம். எனவே, உள்ளே நுழைந்தவுடன் நண்பர்கள் ஓர் அடையாள இடத்தையும் சந்திக்கும் நேரத்தையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். பெற்றோரின் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்திருப்பதும் நன்று.

உடன் வந்த நண்பரைக் கவனிப்பதும் ஆயத்தத்தில் அடங்கும். ஒருவருக்குத் தலைசுற்றல், தலைவலி, குமட்டல் ஏற்பட்டால் நிழலுக்கு அழைத்துச் சென்று, படுக்க வைத்து, நீர் கொடுக்க வேண்டும். அவர் குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ அது வெப்பவாதமாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. மயங்கியவரின் வாயில் நீர் ஊற்றக் கூடாது. உடனே முதலுதவிக் குழுவினரை அழைக்க வேண்டும். அல்லது 999 என்ற எண்ணுடன் தொடர்புகொள்ள வேண்டும். உதவி வரும்வரை உடலை ஈரத்துணியால் துடைத்து, விசிறிக் குளிர்விக்க வேண்டும்.

‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பார்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலையில் வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் ஒதுக்கினால் இவை அனைத்தையும் ஒரு சிறிய முதுகுப்பையில் அடுக்கிவிடலாம். கடைசியாக ஒரு வெற்றுப் பையையும் மடித்து வைக்க வேண்டும். உண்டு முடித்த பொட்டலங்களையும் புட்டிகளையும் அதில் திரும்ப எடுத்து வந்தால், இசைக்கு இடம் தந்த காடு தூய்மையாகவே இருக்கும்.