கால் கழுவி வருதல்: வழிநடை அடியார் அறிய வேண்டுவன

தைப்பூசம், மாசித் திருவிழா, வைகாசி விசாகம் ஆகிய நாள்களை ஒட்டித் திருச்செந்தூர் நோக்கிச் செல்லும் சாலைகளெல்லாம் பாதயாத்திரை அடியார்களால் நிறைந்து விடுகின்றன. பல நாள் நடந்து தூத்துக்குடியை அடைந்து, அங்கிருந்து கடற்கரைச் சாலையைப் பிடிப்போர் பலர். தூத்துக்குடியிலிருந்து செந்திலம்பதி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மாலை அணிவது, விரதம் காப்பது, காவடி எடுப்பது ஆகியவற்றின் முறைகளைக் குருசாமிமார் அடியார்களுக்கு விரித்துரைக்கின்றனர். வழியில் மலசலம் கழிப்பது எங்கே, எவ்வாறு என்பதை மட்டும் பெரும்பாலும் எவரும் வாய்திறந்து சொல்வதில்லை. கூச்சமே காரணம்.

இக்கூச்சத்தைத் தமிழிலக்கணம் நன்கு அறியும். அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வதை இடக்கரடக்கல் என்று பெயரிட்டு, தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக நன்னூலார் வைத்தார். 'கால் கழுவி வருதல்' என்பது அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம். 'வெளிக்குப் போதல்', 'கொல்லைக்குப் போதல்' என்னும் நாட்டு வழக்குகளும் அவ்வினத்தனவே. இலக்கணம் மறைக்கச் சொன்னது சொல்லை, செய்தியை அன்று. செய்தியையும் சேர்த்து மறைத்துவிட்டமையால், திருவிழா முடிந்த மறுநாள் சாலையோரங்கள் இருக்கும் நிலையை அவ்வூர் மக்களே அறிவர்.

பழந்தமிழ் நூலார் இதனை வெளிப்படையாகவே பேசினர். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவையில் பெருவாயின் முள்ளியார், மலசலம் கழித்தலும் எச்சில் உமிழ்தலும் ஆகாத இடங்கள் பத்தினை எண்ணிக் காட்டுகிறார். பசும்புல் தரை, விளைபயிர், சாணம் கிடக்குமிடம், சுடுகாடு, நடைவழி, நீர்த்துறை, கோயில், நிழல், ஆநிரை நிற்குமிடம், சாம்பல் குவிந்த இடம் என்பன அவை. ஆறுமுக நாவலரும் தம் சைவ வினாவிடையில் இப்பொருளை வினாவும் விடையுமாக மாணாக்கர்க்குக் கற்பித்தார். சமயக் கல்வியின் ஒரு பகுதியாகவே அது அன்று இருந்தது.

அப்பத்து இடங்களையும் மனத்திற் கொண்டு இச்சாலையில் நடப்பவர்க்கு அவற்றுட் பல எதிர்ப்படும். ஆத்தூரை நெருங்குகையில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத்தோட்டமும் வருகின்றன. பறித்த வெற்றிலை சமைக்கப்படாமல் அப்படியே வாய்க்குப் போவது. முக்காணியில் தாமிரபரணியைக் கடக்கிறோம். பொதிகையில் பிறந்த அந்நதி அங்கிருந்து சிறிது தொலைவில் புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. பாலத்தின் கீழ் மறைவிருக்கிறது என்று இறங்குவோர், அதே நீரில் பின்னால் வரும் குழுவினர் நீராடுவர் என்பதை எண்ண வேண்டும்.

நடைவழியும் நிழலும் ஏன் விலக்கப்பட்டன என்பது தனியே கருதத்தக்கது. வழிநடை அடியாருட் பலர் செருப்பணிவதில்லை. கொக்கிப்புழு என்றொரு குடற்புழு உண்டு. நோயுற்றவரின் மலத்தோடு வெளிப்படும் அதன் முட்டைகள் வெதுவெதுப்பும் ஈரமும் நிழலும் உள்ள மணலில் ஓரிரு நாளிற் பொரிக்கின்றன. ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவ்விளம்புழு மனிதனின் வெறுங்காலைத் துளைத்து உட்புகும் ஆற்றல் பெறுகிறது. பின் குடலைப் பற்றிக் குருதியை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குகிறது. முதற்குழுவினர் மரத்தடியில் விட்டுச் சென்றது, அடுத்த வாரம் அதே மரத்தடியில் இளைப்பாற ஒதுங்கும் அடியாரின் பாதத்தில் ஏறக்கூடும். ஆசாரக்கோவை ஆசிரியர் இப்புழுவை அறிந்திருந்தார் என்று சிலர் போலப் பெருமை பேச வேண்டியதில்லை. பிறர் நடக்கும் இடத்தையும் இருக்கும் இடத்தையும் கெடுக்காதே என்றார், அதுவே போதுமானதாயிற்று.

அந்நூலில் இல்லாத ஓர் இடத்தையும் இக்கரையிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். அஃது உப்பளம். முள்ளக்காடு, ஆறுமுகநேரிப் பக்கங்களில் பாத்திகள் வெட்டவெளியாய்க் கிடப்பது கண்டு, ஆளற்ற பாழ்நிலம் என்று சிலர் கருதுகின்றனர். விடியுமுன்பே ஆணும் பெண்ணும் இறங்கி உழைக்கும் வயல் அது. அங்கு விளைவது ஊரார் அனைவரின் உலையிலும் இடப்படுவது.

கடற்கரை மணலின் இயல்பும் அறியத்தக்கது. மணலில் விழும் மழைநீர் விரைந்து கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரினும் இலேசானதாகையால் அதன்மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. கரையோர ஊர்களின் ஆழமற்ற கிணறுகள் பல இந்நீரையே தருகின்றன. குதிரைமொழித் தேரியின் செம்மணலுக்குள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனை இருப்பதை அடியார் பலர் கண்டிருப்பர். மழைநீரை விரைந்து இறக்கும் மணல், அழுக்கையும் அவ்வாறே இறக்கிவிடும். கந்தசஷ்டி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதால் அப்போது எச்சரிக்கை மிகுதியும் வேண்டும்.

இதனால் விளைந்த கேட்டை முத்துக்குளித்துறை முன்பே கண்டது. முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் மன்னார் வளைகுடாவின் இருகரையிலும் வணிகரும் குளியாட்களுமாகப் பல்லாயிரவர் ஓலைக்குடில்களில் சில வாரம் தங்குவர். 19ஆம் நூற்றாண்டில் அத்தகைய குடியிருப்புகளில் வாந்திபேதி புகுந்து, குளிப்பையே இடையில் நிறுத்த நேர்ந்ததும் உண்டு. அந்நோயின் கிருமியை இராபர்ட் கோக் 1884ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிற் கண்டறிந்து, மலம் கலந்த நீரே அதனைச் சுமக்கிறது என்பதற்குச் சான்று காட்டினார். தூத்துக்குடியிற் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. குறுகிய காலத்தில் பெருங்கூட்டம் கூடித் தங்கும் நிலை இன்று பாதயாத்திரைக்கு உரியதாயிருக்கிறது.

இனிச் செய்யும் முறை. கழிப்பறை உள்ள இடத்தை முன்னறிந்து அங்கே செல்வதே முதன்மையானது. பேருந்து நிலையம், பெட்ரோல் நிலையம், மண்டபம் ஆகியவை எந்தெந்த ஊரில் உள்ளன என்பதைக் குருசாமி முன்னதாகவே கேட்டறிந்து, தங்குமிடங்களை அதற்கேற்ப அமைத்தல் நலம். வேறு வழியே இல்லாதபோது நீர்நிலைக்கும் கிணற்றுக்கும் நடைவழிக்கும் குறைந்தது 200 அடி, அதாவது ஏறத்தாழ 80 எட்டு, விலகிச் செல்ல வேண்டும். கையடக்கமான களைக்கொத்தியால் அரையடிக்குச் சற்று மிகுதியாகக் குழிதோண்டி, கழித்தபின் மண்ணால் மூடி மிதித்துவிட வேண்டும். மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மேல்மண்ணிலேயே மிகுதியாக வாழ்வதால் அதனினும் ஆழம் வேண்டுவதில்லை. தேரி மணலோ காற்றால் இடம்பெயர்வது. இன்று மூடியதை நாளைய காற்றுத் திறந்துவிடும். அங்கே பொறுத்து, ஊர் வந்தபின் செல்வதே தக்கது. நெகிழித்தாள், குழந்தைகளின் அரைக்கச்சை, பெண்டிர் அணையாடை ஆகியவை மட்காதவை. குழியில் இடாமல் பையிற் கட்டி எடுத்துச் செல்ல வேண்டும். உடைமுள், சீமைக்கருவேலப் புதர்களில் சுருட்டை விரியன் கிடக்கும். இரவில் கைவிளக்கின்றியும் கோலால் தட்டாமலும் புகலாகாது. (எத்திசை நோக்கி இருப்பது என்பதற்கும் நூல்களில் விதியுண்டு. கடற்கரையில் காற்றின் திசையைப் பார்த்தாற் போதும்.)

கை கழுவுதலில் மட்டும் பழைய முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். மண் இட்டுக் கழுவுக என்றனர் முன்னோர். சவர்க்காரம் இல்லாத காலத்து விதி அது. கூட்டம் கடந்து சென்ற வழியின் மண்ணே அழுக்குற்றிருக்கலாமாகையால், ஒரு துண்டுச் சவர்க்காரத்தை மடியில் வைத்துக்கொள்வது நன்று. அன்னதானத்தில் சோறு பரிமாறும் தொண்டர்க்கு இஃது இன்றியமையாதது.

இடம் கெடாமற் காப்பதைப் போலவே உடல் கெடாமற் காப்பதும் கடமை. இயற்கையாக எழும் வேகங்கள் பதினான்கினை அடக்கலாகாது என்று சித்த மருத்துவம் கூறும். மலமும் சிறுநீரும் அவற்றுட் சேர்ந்தவை. பெண் அடியார் பலர் மறைவிடம் கிடையாதென அஞ்சித் தண்ணீரே அருந்தாமல் வெயிலில் நடக்கின்றனர். நீர்க்கடுப்பும் சிறுநீர்ப்பாதை நோயும் மயக்கமும் இதனால் வருகின்றன. விரதத்தில் தண்ணீரை விலக்கச் சொல்லும் குருசாமிமார் இல்லை. ஒதுங்க இடம் கேட்கத்தான் பெண்டிர்க்கு வாய் வருவதில்லை. கேளாமலே செய்து தருவது குழுத்தலைவர் கடமை. குழுவோடு வரும் வண்டியில் நான்கு கழிகளும் ஒரு பழஞ்சேலையும் இருந்தால் எவ்விடத்தும் திரை கட்டலாம். இருவர் இருவராகச் சென்றுவர, நடையை அதற்கென நிறுத்த வேண்டும்.

2025ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள் குடமுழுக்குக் கண்ட செந்திற் கோயிலை அடைந்ததும், அடியார் முதலில் கடலாடி, பின் நாழிக்கிணற்றில் நீராடி, அதன்பின் தரிசனத்துக்குச் செல்வது மரபு. கடலில் இறங்குமுன்பே கோயிலைச் சார்ந்த கழிப்பறைக்குச் சென்று வந்துவிட வேண்டும். குழந்தைகளை அலையோரத்தில் இருத்திக் கழுவிவிடும் பழக்கம் சிலரிடம் காணப்படுகிறது. குழந்தை மலம் தீங்கற்றது என்பது தவறான எண்ணம். நோய்க்கிருமிகள் அதிலும் உண்டு. வைகறையில் அவ்வலையில் மூழ்கி எழுவோர் அந்நீரைத்தான் கண்ணிலும் வாயிலும் ஏற்கின்றனர்.