ஹாலே நகரில் ஒரு நடைப்பயணம்

ஜெர்மனி தேசம் செல்லும் வாய்ப்பு கிட்டுமானால் ஹாலே நகரை நடந்தே பாருங்கள், வழிகாட்டி தேவையில்லை.

இசைமேதை ஹேண்டல் 1685-ல் பிறந்த வீடு இன்று அருங்காட்சியகமாயிருக்கிறது. அதற்கு அருகே சந்தைச் சதுக்கம். அங்கே நான்கு கோபுரங்களோடு நிற்கும் ஆலயத்தில்தான், 1546-ல் மரித்த லூத்தரின் சரீரம் விட்டன்பர்க் செல்லும் வழியில் ஓரிரவு வைக்கப்பட்டது.

தெற்கே சில நிமிடங்கள் நடந்தால் பிராங்கே ஸ்தாபனங்களை அடைவீர்கள். 1695-ல் காணிக்கைப் பெட்டியில் கிடைத்த 4 தாலர் 16 குரோஷன் காசைக் கொண்டு, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார் போதகர் பிராங்கே. 1698-ல் அநாதைப் பிள்ளைகளின் இல்லம் எழும்பத் தொடங்கியது. இந்நகரில் பயின்ற சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவருடைய ஊழியத்திற்காகத் தமிழ் அச்செழுத்துக்கள் இங்கே வார்க்கப்பட்டுக் கப்பலேறின. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. இங்குள்ள ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் பாதுகாக்கப்படுகின்றன.

தமிழ் பேசாத ஊரில் நம் எழுத்துக்களைப் பிரயாசப்பட்டு வார்த்தார்கள். மும்பையிலும் டெல்லியிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு அவற்றை வாசிக்கத் தெரியுமா? பிரியமானவர்களே, இன்றிரவே ஓர் எழுத்தையாகிலும் கற்றுக்கொடுங்கள்.