மீண்டும் மூலவர் சந்நிதி வரை

கோயிலுக்குச் செல்ல முதலில் வேண்டுவது பக்தி. அடுத்து வேண்டுவது கால்வலிமை. இளமையில் இதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அறுபதைக் கடந்த பின்னர், கொடிமரத்தருகே நின்று, ‘உள்ளே சென்றுவர எவ்வளவு நேரமாகும், உட்கார இடமிருக்குமா?’ என்று மனம் கணக்கிடத் தொடங்குகிறது. ஒருமுறை கால் வழுக்கி விழுந்துவிட்டாலோ, பிள்ளைகள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள்: “இனிமேல் வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிடுங்கள், போதும்.” அன்று தொடங்கி அந்தப் பெரியவரின் உலகம் ஓர் அறைக்குள் சுருங்கிவிடுகிறது.

உடம்பையே ஆலயமாகக் கண்டவர் திருமூலர். அந்த ஆலயத்துக்கும் திருப்பணி உண்டு. விழாமல் காப்பதும், விழுந்தால் மீட்பதும், மிகுந்த எடையைக் குறைப்பதும் முதுமையில் நாம் செய்யவேண்டிய திருப்பணிகள். இவை மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: நாள்தோறும் சிறிதளவு, அளவறிந்து, உடலை இயக்கிக்கொண்டிருப்பது.

படுக்கையில் கரையும் தசை

அடிபட்டவருக்கு ஓய்வு வேண்டும் என்பது உண்மை. எத்தனை நாள் ஓய்வு என்பதில்தான் நம் இல்லங்களில் தவறு நேர்கிறது. ஆரோக்கியமான முதியவர்கள் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருந்தால் என்னவாகும் என்று அமெரிக்காவில் ஆராய்ந்து, 2007 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பத்து நாட்களில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நோயில்லாதவர்களுக்கே இந்த நிலை. வங்கியில் பணியாற்றியவன் என்பதால் எனக்கு இது சேமிப்புக் கணக்காகவே தோன்றுகிறது. எடுப்பதற்குப் பத்து நாள் போதும். அதே தொகையைத் திரும்பச் சேர்க்கப் பல மாதங்கள் ஆகும்.

என் தமக்கையார் தமது 72 ஆம் வயதில் ஈரமான கல்தளத்தில் வழுக்கி விழுந்து, தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. அறுவை சிகிச்சை நடந்த மறுநாளே இயன்முறை சிகிச்சையாளர் வந்து வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கச் சொன்னபோது குடும்பமே பதறியது. “நேற்றுத்தானே அறுத்துத் தைத்தார்கள்!” என்றோம். அந்தப் பெண்மணி பொறுமையாக விளக்கினார்: பொருத்திய எலும்பு எடையைத் தாங்கும் என்று மருத்துவர் கூறிவிட்டார், படுத்தே இருந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும், முதுகில் புண் வரும். தமக்கையார் கேட்டது ஒரே கேள்வி: “எப்போது பிராகாரம் சுற்றலாம்?” “முதலில் குளியலறை, அடுத்து தாழ்வாரம், பிறகு தெருமுனை, அதன்பின் கோயில்” என்று பதில் வந்தது.

மூன்று மாதங்களில் எலும்பு கூடிவிட்டது. அச்சம்தான் போகவில்லை. வாசற்படியைத் தாண்ட அவர் மறுத்தார். கூட்டமில்லாத ஒரு முற்பகலில், கைத்தடியோடும் மருமகளின் துணையோடும், கோபுர வாசல் வரை மட்டும் அழைத்துச் சென்றோம். அடுத்த வாரம் கொடிமரம் வரை. நான்காம் மாத இறுதியில் சந்நிதியில் நின்று கற்பூர ஆரத்தியைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். கைத்தடியை இன்றும் அவர் விடவில்லை. விடவேண்டிய தேவையும் இல்லை.

மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருப்பவர்களும் கையைத் தொங்கவிட்டு அமர்ந்திருத்தல் ஆகாது. மருத்துவர் தடுக்காவிட்டால், கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களையும் முழங்கையையும் தோளையும் நாள்தோறும் பலமுறை அசைக்கவேண்டும். இல்லையேல் எலும்பு கூடிய பிறகும் தோள் இறுகிக் கிடக்கும். புடவைத் தலைப்பைச் சரிசெய்யக்கூடப் பிறர் உதவி வேண்டியிருக்கும்.

வழிபாட்டிலேயே உள்ள பயிற்சிகள்

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும். அத்துடன் வாரத்தில் மூன்று நாட்களேனும், தடுமாறாமல் நிற்பதற்கும் தசை வலிமைக்கும் உரிய பயிற்சிகளைச் செய்யவேண்டும். நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடங்கள் நிறைந்துவிடும். நடையின் வேகத்துக்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. நடக்கும்போது இறைநாமத்தைச் சொல்ல முடியவேண்டும். கீர்த்தனையைப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கவேண்டும். அதுவே மிதமான வேகம். ஒரேயடியாக அரைமணி நடக்க இயலாதவர்கள் பத்துப் பத்து நிமிடங்களாக மூன்று வேளை நடக்கலாம்.

தடுமாற்றம் நீங்க மருத்துவமனைகளில் கற்பிக்கும் பயிற்சியைக் கண்டால் நீங்கள் வியப்படைவீர்கள். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து, நேர்க்கோட்டில் அடியடியாக நடக்கச் சொல்கிறார்கள். நம் பெண்கள் காலங்காலமாக வேண்டுதலுக்குச் செய்துவரும் அடிப்பிரதட்சிணம்தான் அது! வீட்டுக் கூடத்தில், கை எட்டும் தொலைவில் சுவர் இருக்கும்படி, நாளுக்கு இருபது அடிகள் வைத்தால் போதும். அதே நிலையில் அசையாமல் பத்து விநாடி நிற்க முடியாதவர்களுக்கு விழும் அபாயம் மிகுதி. அவர்கள் தனியே படியேறாமல், முதலில் மருத்துவரைக் காண்பது நலம்.

தொடை வலிமைக்கு நாற்காலிப் பயிற்சி சிறந்தது. கைப்பிடியில்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, எழுந்து எழுந்து உட்காரவேண்டும். முப்பது விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழ முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். 65 முதல் 69 வயது வரை ஆண்கள் 12 முறையும், பெண்கள் 11 முறையும் எழ முடியாவிட்டால் கால்வலிமை குறைந்திருக்கிறது என்று பொருள். பிள்ளையார் முன் தோப்புக்கரணம் இட்டுப் பழகியவர்களுக்கு இது எளிது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் முழுத் தோப்புக்கரணத்தை விடுத்து, இந்த நாற்காலிப் பயிற்சியையே விநாயகருக்கு அர்ப்பணிக்கலாம்.

படியேற்றத்துக்கும் படிப்படியான பழக்கம் வேண்டும். சுவாமிமலையில் தமிழ் ஆண்டுகளைக் குறிக்கும் 60 படிகள். திருத்தணியில் ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகள். அறுபதில் மூச்சு முட்டுபவர் அடுத்த வாரமே திருத்தணிப் படிகளை ஏற முனைவது தகாது. பழநியில் இழுவை ரயிலும் ரோப் காரும் முதியவர்களுக்காகவே காத்திருக்கின்றன. அவற்றில் செல்வதால் முருகன் அருளில் குறைவு வராது.

முழங்கால் சுமக்கும் சுமை

உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ சுமை குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தவர் அடிதோறும் இருபது கிலோ இறக்கி வைத்தவராகிறார். ஆயினும் விரைவு கூடாது. வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். விழுந்து எழமுடியாத நிலை அதனால்தான் வருகிறது.

ஆகையால் சோற்றைக் குறைத்து, பருப்பு, பயறு, தயிர், காய்கறிகளைக் கூட்டுங்கள். உலர்ந்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் உள்ளது. நவராத்திரிச் சுண்டல் ஆண்டு முழுவதும் நம் தட்டில் இருக்கலாம். சர்க்கரைப் பொங்கலையும் புளியோதரையையும் மறுக்கவேண்டாம்; ஒரு கரண்டி பெற்று, கண்ணில் ஒற்றி, பகிர்ந்து உண்ணுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அவரைக் கேளாமல் ஏகாதசி உபவாசம் இருப்பது ஆபத்து. சர்க்கரை அளவு திடீரென்று தாழ்ந்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

ஆலயத்தில் கவனிக்க வேண்டியவை

கைத்தடியை நோவுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்கவேண்டும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு ரேகை அளவில் இருக்கவேண்டும். நுனியில் தேயாத ரப்பர் பூண் வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோவுள்ள கால் முதலில்.

அபிஷேக நீர் வழியும் கோமுகிப் பக்கத்திலும் விளக்கெண்ணெய் சிந்திய தரையிலும் நின்று நிதானித்துக் கால் வையுங்கள். நமஸ்காரம் செய்தபின் உடனே எழவேண்டாம். ஒருக்களித்து, உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்துத் தூணைப் பற்றி எழுங்கள். இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்களுக்கு இது மிகவும் அவசியம். நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்கள் வெயில் ஏறுமுன் பிராகாரம் சுற்றிவிடவேண்டும். கொதிக்கும் கல் சுட்டுக் கொப்புளம் வருவதை அவர்களால் உணர முடியாது.

பயிற்சியின்போது சற்றே வலிப்பது இயல்பு. மறுநாள் காலையிலும் வலி கூடியிருந்தால் அன்றைய அளவைப் பாதியாக்குங்கள். நெஞ்சில் இறுக்கம், அளவுமீறிய மூச்சுத்திணறல், தலைசுற்றல், ஒரு கெண்டைக்காலில் மட்டும் திடீர் வீக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும் பயிற்சியை நிறுத்தி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்லவேண்டும்.

பிரதோஷந்தோறும் ஒரு சிறு குறிப்பேட்டில் மூன்று எண்களை எழுதிவாருங்கள்: உடல் எடை, முப்பது விநாடியில் எழுந்த எண்ணிக்கை, நிற்காமல் நடந்த நிமிடங்கள். “வீட்டிலேயே இருங்கள்” என்று சொல்லும் பிள்ளைகளிடம் அந்தக் குறிப்பேட்டைக் காட்டுங்கள். அடுத்த பிரதோஷத்துக்கு அவர்களும் கைகொடுத்து உங்களை நந்தி வரை அழைத்துச் செல்வார்கள்.