ஒரே உறையில் இரண்டு கத்தி!

கம்ப்யூட்டருக்குள் நடக்கும் "பதிப்பு"ச் சண்டையும், அதைத் தீர்க்கும் வழியும்

சென்னையில் இருந்து செங்கல்பட்டு செல்லும் ரெயில் பாதையில் இருக்கிறது சிங்கப்பெருமாள் கோயில். பாறையைக் குடைந்து அமைத்த நரசிம்மர் சந்நிதியால் பெயர் பெற்ற ஊர். அந்தப் பெருமாளை வலம் வர வேண்டுமானால், மலையையே சுற்றி வரவேண்டும்!

இன்று இந்த ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. வடக்கே காட்டாங்கொளத்தூரில் கல்லூரி. தெற்கே பரனூரில் மகிந்திரா உலக நகரம். மேற்கே ஒரகடத்துத் தொழிற்சாலைகள். கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளும், அதிலே வேலை பார்க்கும் இளைஞர்களும் அறை எடுத்துத் தங்கும் வட்டாரம் இது.

அப்படி ஓர் அறையில், கடைசி ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மளிகைக்கடையின் கணக்கு வழக்கைக் கவனிக்கும் இணையதளம் ஒன்றை அவர் செய்திருக்கிறார். நாளை மறுநாள் அதைக் கல்லூரியில் ஓட்டிக்காட்ட வேண்டும். ஆறு மாத உழைப்பு!

கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலில் ஓட்டிப் பார்க்கிறார். ஓடுகிறது. அதையே பிரவுசரில் திறக்கிறார். "இப்படி ஒரு கட்டளையே எனக்குத் தெரியாது" என்று சொல்லி, பாதியில் நின்றுவிடுகிறது.

கம்ப்யூட்டர் ஒன்று. எழுதிய பைல் ஒன்று. பதில் மட்டும் இரண்டு! இது என்ன விந்தை?

விந்தை ஒன்றும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரே மொழியின் இரண்டு பதிப்புகள் குடியிருக்கின்றன. ஒரே உறையில் இரண்டு கத்திகள்!

பிறந்த கதை

அந்த மொழியின் பெயர் பி.எச்.பி. இணையப் பக்கங்களை ஆக்கித் தரும் மொழி. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ப் என்பவர் 1994-ம் ஆண்டில் இதைத் தொடங்கினார். தம்முடைய தகுதிக் குறிப்பை இணையத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணத்தான் அவருக்கு இது தேவைப்பட்டது. 1995 ஜூன் மாதத்தில் அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டார்.

பிறகு ஆண்டி குட்மன்ஸ், சீவ் சுராஸ்கி என்ற இருவர் அதைப் புதுக்கி எழுதினார்கள். 1998-ல் 3-ம் பதிப்பு வந்தது. 2004-ல் 5-ம் பதிப்பு. 2015 டிசம்பரில் 7-ம் பதிப்பு. 2020 நவம்பரில் 8-ம் பதிப்பு.

நாம் படிக்கும் தமிழ் விக்கிப்பீடியா இந்த மொழியில் எழுதிய மென்பொருளில்தான் ஓடுகிறது. உலகமெங்கும் வலைத்தளம் நடத்துகிறவர்கள் பயன்படுத்தும் வேர்ட்பிரசும் இதில் எழுதியதே.

5-க்குப் பிறகு 7 வந்ததே, 6 எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? அதில் தமிழருக்கும் சம்பந்தம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

சண்டை ஏன்?

புதுப் பதிப்பு வரும்போது, பழைய கட்டளைகள் சில நீக்கப்படுகின்றன. தகவல் களஞ்சியமான மைசீக்வலோடு பேசுவதற்குப் பழைய கட்டளைத் தொகுதி ஒன்று இருந்தது. 7-ம் பதிப்பில் அது அடியோடு போய்விட்டது. பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் "ஈச்" என்ற கட்டளை 7.4 வரையில் இருந்தது. 8-ல் அதுவும் போயிற்று. நம் மாணவரின் பைலில் இருப்பது இந்த "ஈச்"தான்!

நீக்கப்பட்ட கட்டளையாவது உடனே சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். சத்தம் போடாமல் பொருள் மாறிய இடங்கள்தான் ஆபத்தானவை. "0" என்ற எண்ணும் "முருகன்" என்ற சொல்லும் சமமா என்று கேளுங்கள். 7-ம் பதிப்பு "சமம்" என்று சொல்லும். 8-ம் பதிப்பு "சமம் இல்லை" என்று சொல்லும். சரியான பதில் 8 சொல்வதுதான். ஆனால் பழைய பதிலை நம்பி எழுதிய கணக்கு என்ன ஆகும்? பிழைச் செய்தி எதுவும் வராது. கணக்கு மட்டும் தப்பும்!

இரண்டு வாசல்

ஒரு கம்ப்யூட்டரில் பி.எச்.பி. வேலைக்கு வருவதற்கு இரண்டு வாசல்கள் உண்டு. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

முதல் வாசல், கறுப்பு ஜன்னல். அங்கே நீங்கள் பி.எச்.பி. என்று தட்டியதும், "பாத்" என்ற முகவரிப் பட்டியலை எடுத்து, மேலிருந்து கீழாகக் கம்ப்யூட்டர் தேடும். ஒரே பெயர் உள்ளவர்கள் ஒரு தெருவில் இருவர் இருந்தால், புதுத் தபால்காரர் என்ன செய்வார்? முதலில் வரும் வீட்டில் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். கம்ப்யூட்டரும் அப்படித்தான். பட்டியலில் முதலில் வருகிறவனே வேலைக்காரன்.

இரண்டாம் வாசல், அப்பாச்சி. பிரவுசர் கேட்கும் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் சர்வர் இது. இது பாத் பட்டியலைப் பார்த்து பி.எச்.பி.யைத் தேர்ந்தெடுப்பது இல்லை. தன்னுடைய அமைப்புப் பைலில் எந்தப் பி.எச்.பி.யின் பெயர் எழுதியிருக்கிறதோ, அதைத்தான் ஏற்றிக்கொள்ளும்.

மாணவர் முன்பு 7.4-ஐத் தனியாக நிறுவியிருந்தார். பிறகு அப்பாச்சியும் பி.எச்.பி.யும் தகவல் களஞ்சியமும் ஒரே கட்டாக வரும் "சாம்ப்" என்ற தொகுப்பைப் போட்டார். அதற்குள் 8.2 இருந்தது. கறுப்பு ஜன்னல் 7.4-ஐக் கூப்பிட்டது. பிரவுசர் 8.2-ஐக் கூப்பிட்டது. இதுதான் நடந்த சங்கதி!

அழிக்காதீர்கள்!

இந்த இடத்தில் பக்கத்து அறை நண்பர் வந்து, "எல்லாவற்றையும் அழித்துவிட்டு, புதிதாகப் போடு" என்று சொல்வார். அந்த யோசனையைக் கேட்காதீர்கள்!

சாம்ப் தொகுப்பின் போல்டருக்கு உள்ளேதான் "மைசீக்வல்" என்ற போல்டர் இருக்கிறது. அதற்குள் "டேட்டா" என்ற போல்டர். கடையின் வரவு, செலவு, பாக்கி அத்தனையும் அங்கேதான் குடியிருக்கின்றன. நீங்கள் எழுதிய பக்கங்களும் வழக்கமாக அதே சாம்ப் போல்டருக்குள்தான் இருக்கும். போல்டரை அழித்தால் ஆறு மாத உழைப்பும் சேர்ந்து போகும்.

ஆகவே முதல் வேலை, காப்பு எடுப்பது. தகவல் களஞ்சியத்தை "எக்ஸ்போர்ட்" செய்து ஒரு பைலாக எடுங்கள். எழுதிய பக்கங்களையும் பிரதி எடுங்கள். இரண்டையும் அந்தக் கம்ப்யூட்டருக்கு வெளியே வையுங்கள். பிறகுதான் மற்ற வேலை.

விசாரணை

இரண்டு வாசலிலும் தனித்தனியே விசாரியுங்கள்.

கறுப்பு ஜன்னலில் பி.எச்.பி. என்று தட்டி, ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடும் "வி" என்ற எழுத்தும் தட்டுங்கள். பதிப்பு எண் வரும். விண்டோஸ் கம்ப்யூட்டராக இருந்தால், "எங்கே" என்று பொருள்படும் "வேர்" கட்டளையோடு பி.எச்.பி. என்று தட்டுங்கள். பாத் பட்டியலில் எத்தனை பி.எச்.பி. இருந்தாலும் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். முதல் வரியில் நிற்பதுதான் வேலை செய்வது.

பிரவுசருக்கு, "பி.எச்.பி.இன்போ" என்ற ஒரே கட்டளையை எழுதிய சிறு பைல் ஒன்றைத் திறந்து பாருங்கள். உச்சியில் பதிப்பு எண் இருக்கும். கீழே, எந்த அமைப்புப் பைலைப் படித்தது என்றும் எழுதியிருக்கும். பலர் ஒரு பதிப்பின் அமைப்புப் பைலைத் திருத்திவிட்டு, வேறு பதிப்பை ஓட்டிப் பார்த்து, "மாறவில்லையே" என்று தலையில் அடித்துக்கொள்வது இதைப் பார்க்காததால்தான். பார்த்து முடித்ததும் இந்தச் சிறு பைலை அழித்துவிடுங்கள். ஊர் பார்க்கும் சர்வரில் இதை விட்டுவைத்தால், வீட்டின் உட்புறத்தைத் திருடனுக்குப் படம் போட்டுக் காட்டியது போல ஆகும்.

தீர்வு

கறுப்பு ஜன்னலைத் திருத்துவது எளிது. பாத் பட்டியலில், வேண்டிய பி.எச்.பி.யின் முகவரியை மேலே நகர்த்துங்கள். திறந்திருந்த ஜன்னலை மூடி, புதிதாகத் திறங்கள். பழைய ஜன்னலுக்குப் பட்டியல் மாறியது தெரியாது.

அப்பாச்சிக்கு, அதன் அமைப்புப் பைலில் பி.எச்.பி.யை ஏற்றும் வரியை மாற்ற வேண்டும். சாம்ப் தொகுப்பில் அந்த வரி "எச்.டி.டி.பி.டி.-சாம்ப்" என்ற துணைப் பைலில் இருக்கும். இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று: 7-ம் பதிப்பு வரையில் அந்த வரியில் "பி.எச்.பி.7 மாட்யூல்" என்று எண்ணோடு பெயர் இருந்தது. 8-ல் எண் போய், வெறும் "பி.எச்.பி. மாட்யூல்" ஆகிவிட்டது. பெயரை மாற்றாவிட்டால் அப்பாச்சி எழுந்திருக்காது.

இரண்டு: விண்டோஸ் கம்ப்யூட்டரில் அப்பாச்சியோடு இப்படிச் சேர, "திரெட் சேப்" என்று குறிக்கப்பட்ட பி.எச்.பி.தான் வேண்டும். அப்பாச்சி 64 பிட் என்றால், பி.எச்.பி.யும் 64 பிட்டாக இருக்க வேண்டும்.

மூன்று: அமைப்புப் பைல் இருக்கும் போல்டரைக் காட்டும் வரியையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு பதிப்பின் துணைப் பகுதிகளை இன்னொரு பதிப்பு ஏற்காது.

மாற்றியபின் அப்பாச்சியை நிறுத்தி, மறுபடி ஓடவிடுங்கள்.

உபுண்டு கம்ப்யூட்டரிலும் வாசல் இரண்டுதான். "ஏ2டிஸ்மாட்" பழைய பதிப்பை அப்பாச்சியில் இருந்து இறக்கும். "ஏ2என்மாட்" புதியதை ஏற்றும். கறுப்பு ஜன்னலுக்கு "அப்டேட்-ஆல்டர்னேடிவ்ஸ்" என்ற வேறு கட்டளை. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது.

இரண்டும் வேண்டுமே!

பழைய வாடிக்கையாளருக்கு 7.4, புதியவருக்கு 8.2 என்று இரண்டும் வேண்டியவர்கள் என்ன செய்வது?

ஒரே அப்பாச்சிக்குள் இரண்டு பி.எச்.பி.களையும் மாட்யூலாக ஏற்ற முடியாது. ஆனால் பி.எச்.பி.யை வெளியே தனி வேலையாளாக நிறுத்திவைத்து, அப்பாச்சி அவனிடம் வேலையை அனுப்பலாம். லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இதற்கு "எப்.பி.எம்." என்ற ஏற்பாடு, 2010-ல் 5.3.3 பதிப்பில் இருந்து பி.எச்.பி.யோடு சேர்ந்தே வருகிறது. பதிப்புக்கு ஒரு வேலையாள். இந்தத் தளத்துக்கு இவன், அந்தத் தளத்துக்கு அவன் என்று எழுதி வைத்தால் சண்டையே இல்லை.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு எளிய வழி, இரண்டு சாம்ப் தொகுப்புகளை இரண்டு போல்டர்களில் போடுவது. ஆனால் அப்பாச்சி வழக்கமாக நிற்கும் கதவு எண் 80. ஒரு கதவில் இருவர் நிற்க முடியாது. இரண்டாவதற்கு 8080 என்று கொடுங்கள். தகவல் களஞ்சியத்தின் கதவு 3306. இரண்டாவதற்கு 3307 என்று மாற்றுங்கள். 2013-ல் வெளிவந்த டாக்கர் என்ற சாதனத்தைக் கற்றவர்கள், ஒவ்வொரு பதிப்பையும் தனிப் பெட்டியில் அடைத்தே ஓட்டுகிறார்கள்.

தமிழ் சிதைவது ஏன்?

பதிப்பை மாற்றியதும் சிலருக்குத் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகச் சிதைந்து தெரியும். இங்கேதான் 6-ம் பதிப்பின் கதை வருகிறது.

பி.எச்.பி. சொற்களை எழுத்து எழுத்தாக எண்ணுவது இல்லை. பைட், பைட்டாக எண்ணும். யூ.டி.எப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். "அம்மா" என்ற சொல்லில் அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என 5 குறிகள். ஆக, நம் கண்ணுக்கு 3 எழுத்து, பி.எச்.பி.க்கு 15! நடுவே வெட்டினால் எழுத்து சிதையாமல் என்ன செய்யும்?

இந்தக் குறையை மொழிக்கு உள்ளேயே தீர்ப்பதற்காகத் திட்டமிட்டதுதான் 6-ம் பதிப்பு. வேலை முடியவில்லை. 2010-ல் கைவிட்டார்கள். அதற்குள் 6-ம் பதிப்பைப் பற்றிப் புத்தகங்களே வெளிவந்துவிட்டன! குழப்பம் வேண்டாம் என்று அந்த எண்ணைத் தாண்டி, 7 என்று பெயர் வைத்தார்கள்.

அதனால் இன்றும் "எம்.பி.ஸ்டிரிங்" என்ற துணைப் பகுதியே தமிழுக்குக் காவல். புதிதாக ஒரு பதிப்பைத் தனியாக இறக்கிப் போட்டால், விண்டோசில் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அமைப்புப் பைலில் அதன் வரிக்கு முன்னால் இருக்கும் அரைப்புள்ளியை நீக்கினால் விழித்துக்கொள்ளும்.

பழையதே போதுமா?

"பழைய பதிப்பில் ஓடுகிறதே, அப்படியே இருக்கட்டும்" என்று சிலர் சொல்வார்கள். கல்லூரியில் காட்டும் அன்றைக்கு அது சரி. மாணவர் அப்பாச்சிக்கு 7.4-ஐ ஏற்றி, தம் வேலையைக் காட்டிவிட்டு வரலாம்.

ஆனால் கடைக்காரர் அதை நம்பிக் கணக்கு எழுதப் போகிறார் என்றால் கதை வேறு. ஒரு பதிப்பில் ஓட்டை தெரிந்தால் அதை அடைத்துக் கொடுப்பவர்கள் அந்த மொழியை வளர்க்கும் தொண்டர்கள். அந்தப் பணிக்குக் காலக்கெடு உண்டு. 5.6-க்கு 2018 டிசம்பரோடு அது முடிந்தது. 7.4-க்கு 2022 நவம்பரோடு முடிந்தது. அதற்குப் பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டை திறந்தே கிடக்கும். பெயர், போன் நம்பர், கடன் பாக்கி எல்லாம் அந்த ஓட்டை வழியே போய்விடலாம்.

எனவே, பரீட்சை முடிந்த கையோடு பைல்களைப் புதுப் பதிப்புக்குத் திருத்துங்கள். ஒரே மூச்சில் தாவ வேண்டாம். பிழைகளையும் எச்சரிக்கைகளையும் திரையில் காட்டும்படி வைத்து, ஒவ்வொன்றாகத் தீருங்கள். ஒவ்வொரு தளத்தின் போல்டரிலும் ஒரு சிறு குறிப்பு எழுதி வையுங்கள்: "இது இன்ன பதிப்புக்கு எழுதியது, இன்ன துணைப் பகுதிகள் வேண்டும்." அடுத்த ஆண்டு அதைத் திறக்கப் போகும் தம்பிக்கோ தங்கைக்கோ ஓர் இரவுத் தூக்கம் மிச்சம்!