வீட்டை ஒழுங்குபடுத்த ஒரு துணை

கண்டிக்கு அருகே உள்ள தோட்டமொன்றில் வீடு சந்திக்கச் சென்றிருந்தேன். "உள்ளே வராதீங்க சாமி, வீடு கெடக்குற கெடையில கூப்பிடவே வெக்கமா இருக்கு" என்று ஒரு தாய் வாசலிலேயே முக்காலியைப் போட்டார். அவர் சோம்பேறி அல்லர். காலையில் கொழுந்து எடுக்கப் போனால் மாலையில்தான் திரும்புகிறார். வீட்டில் ஆறு பேர். லயன் அறையோ ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி.

பொருட்கள் குவிந்த வீடு மனதையும் அழுத்தக்கூடும். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் 30 குடும்பங்களை ஆராய்ந்த அறிக்கையொன்று 2010இல் வெளிவந்தது. தம் வீடு ஒழுங்கற்றுக் கிடப்பதாகவும் வேலைகள் முடியாதிருப்பதாகவும் கூறிய மனைவியரிடம், பொழுது ஏற ஏற மனச்சோர்வும் கூடியதாக அது காட்டியது. கணவர்மாரிடம் இத்தொடர்பு அவ்வளவு தெளிவாக இல்லை. வீட்டின் சுமை யார் தலையில் இருக்கிறது என்பதை நாம் இதிலிருந்து ஊகிக்கலாம்.

அந்நாட்டில் வீடுகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதைத் தொழிலாகவே செய்வோர் உளர். அவர்கள் கூட்டிப் பெருக்க வருவோர் அல்லர். வீட்டாரோடு உட்கார்ந்து, பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து, "இது தேவையா? எங்கே இருக்க வேண்டும்?" என்று கேட்பார்கள். முடிவு வீட்டாருடையது. இதனால் கிடைக்கும் மன ஆறுதல்கள் மூன்று. குறை கூறாத ஒருவர் முன் வெட்கம் குறைகிறது. தனியே முடிவெடுக்கும் களைப்புக் குறைகிறது. இறந்தவரின் உடுப்பைக் கையில் எடுத்து அழும்போது, பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறது.

நம் மக்களுக்கு வேறொரு பயமும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. இவ்வளவு காலம் காகிதத்தால் அலைக்கழிந்தவர்களுக்கு ஒரு துண்டுக் காகிதத்தையும் எறிய மனம் வராது. தகரப் பெட்டி நிரம்பிக் கிடக்கும். தேவையான நேரத்தில் தேவையானது அகப்படாது.

காசு கொடுத்து ஆள் வைக்க நம்மால் இயலாது. ஆனால் மாதர் சங்க அங்கத்தவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, இந்த வாரம் ஒருவர் வீட்டிலும் அடுத்த வாரம் மற்றவர் வீட்டிலும் இதைச் செய்யலாம். முதலில் காகிதங்களைப் பிரியுங்கள். பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரங்கள் ஆகியவற்றை நீர் புகாத ஒரே உறையில் இடுங்கள். பின்னர் ஒரு நாளுக்கு ஒரு மூலை போதும். கேட்காமல் எதையும் எறியாதீர்கள். அந்த வீட்டில் கண்டதை வெளியே பேசாதீர்கள். ஆண்களும் பிள்ளைகளும் கைகொடுக்கட்டும்.

ஒன்றை மறக்கலாகாது. எவ்வளவு ஒழுங்குபடுத்தினாலும் 10 அடி 12 அடியாகாது. சொந்தக் காணியும் போதிய வீடும் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. ஆயினும் அதற்காகக் காத்திருக்கும் நாட்களிலும், வீடு தேடி வருபவரை வெட்கமின்றி உள்ளே அழைக்க ஒரு தாய்க்கு முடிய வேண்டும்.