கொழும்பு 6, கொழும்பு 13: உங்களுக்குத் தெரியுமா?

யாழ்ப்பாணம் போகும் வழியில் ஓரிரவு தங்கிப் போகும் ஊர் என்றே கொழும்பைப் பலர் கணக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தப் பத்தி. தெற்கே வெள்ளவத்தை (கொழும்பு 6), வடக்கே கொட்டாஞ்சேனை (கொழும்பு 13). இடையில் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். இரண்டு நாள் ஒதுக்கினால் கோயில், சாப்பாடு, ஓவியம், புத்தகம் எல்லாவற்றையும் அவசரமில்லாமல் அனுபவிக்கலாம்.

● கொழும்பிலிருந்து தெற்கே போகும் கரையோரப் புகையிரதப் பாதை 1877இல் பாணந்துறையை எட்டியது. 1894இல் காலிக்கும் 1895இல் மாத்தறைக்கும் போய்ச் சேர்ந்தது. கோட்டை நிலையத்தில் ஏறி வலப்பக்க யன்னலோரம் உட்காருங்கள். வெள்ளவத்தை வரும்வரை கடல் கூடவே வரும். காலையும் மாலையும் அலுவலகக் கூட்டம் இருக்கும். பகல் பதினொரு மணி நல்ல நேரம்.

● கொழும்புத் தமிழ்ச் சங்கம் தொடங்கிய ஆண்டு 1942. வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் அதன் மண்டபமும் நூலகமும் இருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் அங்கே ஒரு புத்தக வெளியீட்டைப் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு அது புதுமையாக இருக்கும். முதற்பிரதியை ஒருவர் பெற்றுக்கொண்டதும் 'சிறப்புப் பிரதி' வாங்குவோரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். மேடையேறி உறையைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்குவார்கள். உறைக்குள் இருப்பது பெரும்பாலும் புத்தக விலையைவிடக் கூட. சொந்தப் பணத்தில் அச்சிடும் எழுத்தாளரின் கடனை ஊரார் பகிர்ந்துகொள்ளும் முறை இது. இதைவிட அழகான இலக்கிய வழக்கம் எனக்குத் தெரியாது.

● அங்கிருந்து காலி வீதிக்கு வந்தால் பூபாலசிங்கம் புத்தகசாலை. யாழ்ப்பாணத்தில் வேர்விட்ட கடை. கொழும்பில் செட்டியார் தெருவிலும் உண்டு. ஈழத்துப் பதிப்புகள் இருக்கும் அடுக்கு எது என்று கேட்டு, முதலில் அங்கே போங்கள். சென்னையில் கிடைக்கும் நூல்களைச் சென்னையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

● சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடை, ரோல்ஸ், கட்லட் கொண்டுவந்து வைத்தால் திகைக்க வேண்டாம். 'ஷோர்ட் ஈட்ஸ்' என்பது அதுதான். எடுத்துச் சாப்பிட்டதற்கு மட்டுமே காசு. மிச்சத் தட்டு திரும்பிப் போய்விடும். பிளேன்டீயோடு சாப்பிடுவது வழக்கம்.

● இரவுக்குக் கொத்துரொட்டியா, இடியப்பமும் சொதியும் சம்பலுமா என்று கேட்டால் நான் இடியப்பப் பக்கம். ஒடியல் கூழ் கிடைத்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள். பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்து இடித்த ஒடியல் மா, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் சேரும் கூழ் அது. பிலாவிலையைக் கோலிக் குடிப்பதே முறை.

● சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூடா வெள்ளவத்தைக்காரர்! 1929இல், இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத நிலையில், சிலியின் தூதரக அதிகாரியாக வந்தார். கடலை ஒட்டிய சிறிய பங்களாவில் கீரி ஒன்றை வளர்த்துக்கொண்டு தனியாக இருந்தார். அவருக்குப் பெரும்பெயர் தேடித்தந்த 'ரெசிடென்சியா என் லா தியெரா' தொகுதியின் கவிதைகள் சிலவற்றை இங்கேதான் எழுதினார். 1971இல் நோபல் பரிசு பெற்றார்.

கதையின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். தன் வீட்டில் மலவாளி எடுக்க வந்த தமிழ்ப் பெண்ணை வன்புணர்ந்ததை, அவர் மறைந்தபின் 1974இல் வெளியான தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அவள் பெயர் அந்த நூலில் இல்லை. 2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூடா பெயரைச் சூட்ட முயன்றபோது சிலிப் பெண்கள் எதிர்த்ததற்கு இந்தப் பகுதியே முக்கிய காரணம். சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகம இதை வைத்து 'அல்பொராடா' என்ற படத்தை எடுத்தார். 2021இல் டோக்கியோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. வெள்ளவத்தைக் கடற்கரையில் நெரூடாவை நினைப்பவர்கள் அவளையும் நினைக்க வேண்டும்.

● நெரூடாவுக்குப் புத்தகங்கள் அனுப்பிக்கொடுத்த நண்பர் லயனல் வென்ட், பியானோ வாசிப்பவர், புகைப்படக் கலைஞர். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலிய ஓவியர்கள் 1943இல் தொடங்கிய '43 குழு'வுக்கு அவரே தூண்டுகோல். அவர் வீடு இருந்த இடத்தில் 1953இல் திறக்கப்பட்ட அரங்கில் இன்றும் நாடகமும் ஓவியக் காட்சியும் நடக்கின்றன.

● இனிக் கொட்டாஞ்சேனை. கொச்சிக்கடை ஸ்ரீ பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைப் பொன்னம்பல முதலியார் 1857இல் அமைத்தார். அதை 1907இல் கருங்கல்லில் எழுப்பத் தொடங்கியவர் அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன். உள்ளே நுழைந்ததும் கொழும்பின் புழுக்கம் விலகிவிடும். கல்லின் குளிர்ச்சி அப்படி. இராமநாதனின் தாய்மாமன் முத்துக்குமாரசுவாமி. அந்த மாமனின் மகன் 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. நடராசர் திருவுருவத்தின் பொருளை மேல்நாட்டுக்கு விளக்கிய 'சிவ நடனம்' நூலை 1918இல் வெளியிட்டவர் அவர்தான். அத்தான் கோயில் கட்டினார், மச்சான் நூல் எழுதினார். இருவருக்கும் பொன்னம்பலத்துக் கூத்தனே பொருள். இரண்டு பணிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் குடும்பத்தின் அருமை விளங்கும்.

● கோயிலுக்குக் கிட்டவே கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம். செவ்வாய்க்கிழமைகளில் கத்தோலிக்கரோடு சைவரும் பௌத்தரும் மெழுகுவர்த்தியோடு நிற்பார்கள். திருநாள் ஜூன் 13. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடம் இது. அதே ஜூனில் மீண்டும் திறந்தார்கள்.

● ஒல்லாந்தர் கட்டிய வுல்பெண்டால் தேவாலயமும் இந்தப் பக்கம்தான். வழிபாட்டுக்குத் திறந்தது 1757இல்.

● ஆடியில் வருபவர்கள் ஆடிவேல் விழாவைத் தவறவிடாதீர்கள். செட்டியார் தெருவிலிருந்து தேரில் ஏறும் வேல், காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்குப் போகும்.

● 'மணிக்கொடி' இதழாளர் வ.ரா. கொழும்பில் பத்திரிகை ஆசிரியராக இருந்திருக்கிறார். 1930 ஆகஸ்ட் 6இல் சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கிய 'வீரகேசரி'யே அந்தப் பத்திரிகை.

● யாழ்ப்பாணத்தில் சவரச்சாலை நடத்தியபடியே எழுத்தாளரானவர் டொமினிக் ஜீவா. 1966 ஆகஸ்டில் 'மல்லிகை' மாத இதழைத் தொடங்கினார். கையில் இதழ்க்கட்டோடு தெருத் தெருவாக நடந்து விற்றார். போர்க்காலத்தில் கொழும்புக்கு வந்து, கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து நடத்தினார். நானூறு இதழ்களைத் தாண்டி 2012 வரை வந்தது. ஜீவா 2021இல் மறைந்தார். பழைய மல்லிகை இதழ்களை, 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். புறப்படுமுன் நாலைந்து இதழ்களைப் புரட்டிவிட்டு வாருங்கள். பூபாலசிங்கத்தில் என்ன கேட்டு வாங்குவது என்று பிடிபடும்.