பிள்ளைக்கென்று ஓர் ஆள் வேண்டும்

அந்நாளில் மலேசியாவின் லூனாஸ் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போன பெண்கள் விடியுமுன்பே கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வார்கள். வரிசையாகத் தொங்கும் துணித் தொட்டில்கள், அவற்றை ஆட்டிவிட ஓர் ஆயா. வசதி குறைவுதான். ஆனாலும் அங்கே வளர்ந்த தலைமுறையையும் பிறந்ததிலிருந்து குழந்தைகள் இல்லங்களில் வளரும் பிள்ளைகளையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. வேலை முடிந்ததும் தாய் வந்து தூக்கிக்கொள்வாள். ஆயாவும் தோட்டக் குடியிருப்பான லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஆள். பிஞ்சு வயதில் குழந்தையின் வளர்ச்சியைப் பெரிதும் கெடுப்பது ஏழைக் கொட்டகை அல்ல, தனக்கென்று நிலையாக ஓர் ஆள் இல்லாமல் போவதுதான். தத்தெடுக்க நினைப்போரும் இல்லம் நடத்துவோரும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்.

இல்லத்துக்கு வரும் பிள்ளைகள் முன்பே நலிந்தவர்கள்தானே, பழியை இல்லத்தின் மேல் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் இதற்கு விடை கிடைத்தது. 2000இல் சார்லஸ் நெல்சனும் அவரது சக ஆய்வாளர்களும் அங்குள்ள இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதி வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனது. மறுபாதி வழக்கம்போல இல்லப் பராமரிப்பில் தொடர்ந்தது. குலுக்கிப் பிரித்ததால் முன்பே இருந்த நலிவு இரு பக்கத்துக்கும் பொதுவாகிவிட்டது. நாலரை வயதில் அறிவுத்திறன் ஈவு இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சராசரியாக 73, குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81. இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். எட்டு வயதில் அவர்களுடைய மூளை மின்னலைகள் பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளைகளுடையதை ஒத்திருந்தன.

ருமேனிய இல்லங்கள் படுமோசமானவை, நம் இல்லங்களில் சோறும் துணியும் பாசமும் இருக்கின்றனவே என்பது அடுத்த மறுப்பு. 1970களில் ஆய்வாளர் பார்பரா டிசார்ட் லண்டனில் ஆராய்ந்தவை நல்ல உணவும் பொம்மைகளும் நிறைந்த இல்லங்கள். அங்கே பிள்ளைகளின் அறிவுத்திறன் குன்றவில்லை. ஆனால் இரண்டு வயதாவதற்குள் ஒரு பிள்ளையைச் சராசரியாக 24 பேர் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரிடமும் ஆழ்ந்த பற்று வேர்விட வழியில்லை. குழந்தை மழலையாடும்போது அதே முகம் திரும்பிப் பேச வேண்டும். அழுதால் அதே கை தூக்க வேண்டும். இப்படி ஆயிரம் முறை நடந்துதான் மொழியும் நம்பிக்கையும் பிறக்கின்றன. ஆள் மாறிக்கொண்டே இருந்தால் அந்தக் கொடுக்கல் வாங்கல் அறுந்துபோகிறது.

அப்படியானால் வளர்ந்த பிள்ளையைத் தத்தெடுப்பது வீணா? இல்லவே இல்லை. ருமேனியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப்போன 165 பிள்ளைகளை ஆய்வாளர் மைக்கேல் ரட்டர் குழுவினர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதத்துக்குள் வந்தவர்கள் ஏறக்குறைய மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். தாமதமாக வந்தவர்களில் பலருக்குக் கவனக்குறைவும் பழகுவதில் சிக்கலும் நீடித்தன. ஆனாலும் பலரின் அறிவுத்திறன் காலப்போக்கில் மேம்பட்டது, சிலர் எந்தக் குறையுமின்றி நிமிர்ந்தார்கள். தாமதம் இழப்புத்தான், முடிவு அல்ல.

மலேசியாவின் 1952 தத்தெடுப்புச் சட்டப்படி, நீதிமன்ற ஆணைக்கு முன் பிள்ளை குறைந்தது மூன்று மாதமாவது வளர்ப்புப் பெற்றோரிடம் இருக்க வேண்டும். அந்த மூன்று மாதத்தில் பிள்ளை ஒட்டாமல் போனாலோ, முன்பின் தெரியாதவரிடமும் ஓடினாலோ, அதைக் குணக்கேடு என்று எண்ணக்கூடாது; ஆள் மாறி வளர்ந்ததன் தழும்பு அது. பொறுமைதான் மருந்து. இல்லம் நடத்துவோர் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஒரே பராமரிப்பாளரை ஒதுக்கட்டும்; அதிகாரிகள் குடும்பம் தேடும் வேலையை முதல் ஆண்டிலேயே முடிக்கட்டும். இதைவிடப் பெரிய தர்மம் கட்டட நிதியில் இல்லை.